முசிறி என்று எழுதியவள் நான்

என் அன்புத் தம்பி முத்து,

பதுளை முழுவதும் உன்னை ஆண்டகை என்கிறது. உயிரோடிருந்தபோதே நான் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு தொடங்கவும் போவதில்லை. அம்மா கண்ணை மூடியபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளையின் மோதிரத்தில் வாய்வைத்து முத்தி செய்ய என்னால் முடியாது என்று நீ துணை ஆயராக அபிஷேகமான அன்றே சொன்னேன். நீ சிரித்தாய். பக்கத்தில் நின்ற குருமார்தான் முகத்தைச் சுளித்தார்கள்.

நீ போய் எட்டு மாதமாகிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னால் வாசிக்க முடியாது, வாசிக்கவேண்டியவர்கள் வாசிக்கட்டும்.

வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே இரண்டு காரியங்கள் நடக்கவிருக்கின்றன. கோயில் முகப்பில் உன் பெயரில் ஒரு நினைவுச் சலவைக்கல் திறக்கிறார்கள். அதே நேரம், அரசாங்க விசாரணைக் கந்தோரில் சூசையம்மாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் மறுவிசாரணைக்கு வருகிறது. ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைக் கொழுந்து எடுக்கிற அதே சூசையம்மாதான். கல்லுக்கு மேலே போட்ட திரையை இழுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். சூசையம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஞாபகார்த்த சபையார் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் வேறு யாருமல்ல, கோட்டில் வழக்குப் பேசுகிற நம்முடைய பிரக்கிராசியார்தான். கறுப்புக் கோட்டும் கையில் தொப்பியுமாக, நீ நேற்றுத்தான் செத்தாய் என்பதுபோல ஒரு முகம்.

"அக்கா, நினைவு மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை தரவேணும்," என்றார்.

எனக்குத் தம்பி ஒருவன்தான், அவன் செத்துவிட்டான் என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

"ஆண்டகையின்ர சின்ன வயசு, எளிமை, செபம். ரண்டு பக்கம் எழுதினால் காணும்."

"பதிவுப் புத்தகத்தைப் பற்றி எழுதட்டோ?"

மற்ற மூவரும் என் பூச்சாடிகளைப் பார்த்தார்கள். பிரக்கிராசியார் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அது வேண்டாம். தோட்டத்துத் துரைமாரும் வருகினம், கவுண்மேந்து ஆக்களும் வருகினம். நல்ல நாளில ஏன் பழைய கதை?"

"பழைய கதையில்லை. அதே புதன்கிழமைதான் வழக்கு."

"அது தவணை போட்டுத் தள்ளிவைப்பினம். எப்பவும் போடுறதுதானே."

தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினேன். என் வீட்டுக்கு வந்தவர் ஒருவரை அப்படி அனுப்பியது அதுவே முதல்முறை. இன்னும் கொஞ்சம் முந்தியே பழகியிருக்கலாம் என்று தோன்றியது.

கல்லில் உன்னை 'ஏழைகளின் தந்தை' என்று வெட்டியிருக்கிறார்களாம். நீ துணை மேற்றிராணியாராகி வந்த முதல் ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். முன் வரிசை வாங்குகளில் துரைமாரும் டாக்குத்தர்மாரும் பிரக்கிராசிமாரும். நடுவில் கிளாக்கர்மாரும் வாத்திமாரும். தோட்டத்துச் சனம் கடைசியில், சீமெந்துத் தரையில். நீ பிரசங்க மேடையில் ஏறாமல் நடந்துபோய்ப் பின் கதவடியில் நின்றுகொண்டு பேசினாய். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. பிரக்கிராசியார் திருப்பவில்லை. பிரசங்கம் முடியும்வரை பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்தியாக அவரை நான் வேறொருநாளும் கண்டதில்லை.

நான் திரும்பினேன். கழுத்து நொந்தது. பிரசங்கமும் அப்படியொன்றும் திறமில்லை.

புதன்கிழமை உன்னைப் புனிதனாக்குவார்கள். நீ புனிதன் அல்ல என்று எனக்குத் தெரியும். கூட்டங்களில் நித்திரை கொள்வாய். தேத்தண்ணீருக்கு நாலு கரண்டி சீனி போட்டுவிட்டு மூன்று என்பாய். வருடத்துக்கு இரண்டு குடை தொலைப்பாய். உன் கையெழுத்தைக் கோழி கிளறிய முற்றம் என்று மதர் சுப்பீரியர் சொன்னது நியாயம்தான். அந்தக் கையெழுத்தால்தான் இந்தக் கதையே தொடங்கிற்று.

என் கணவர் போஸ்ட்மாஸ்டர் இறந்தபிறகு நான் உன்னிடம் வந்தேன். நீ அப்போது பதுளைப் பங்குச் சுவாமி. சுவாமிமார் தங்கும் அறைவீட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன வீட்டில் என்னை இருத்தினாய். வந்த கிழமையே உன் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பிள்ளையின் பெயர் எது, தகப்பனின் பெயர் எது என்று பிரிக்க முடியவில்லை. கன்னியர் மடத்தில் எட்டு வருடம் சரிந்த எழுத்துப் பழகியவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. இனி நான் எழுதுகிறேன், நீ ஒப்பம் மட்டும் வை என்றேன். பதினைந்து வருடம் எழுதினேன்.

பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன். கடைசி நிரையில் பெற்றோரின் இருப்பிடம். தோட்டங்களிலிருந்து ஞாயிறுகளில் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள். நான் மேசையில் பேனையோடு இருப்பேன்.

"எந்த ஊர்?" என்று கேட்பேன்.

"முசிறிங்கம்மா," என்பான் தகப்பன். இன்னொருவன் துறையூர் என்பான், வேறொருவன் நாமக்கல் என்பான்.

அந்தத் தகப்பன் முசிறியைக் கண்ணால் கண்டவன் அல்ல. ஹல்துமுல்லைக்கு மேலே, தோட்டத்து வரிசைவீடான லயத்து அறை ஒன்றில் பிறந்தவன்; அவனுடைய தகப்பனே கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஆனாலும் லயத்தை ஊர் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. லயம் துரையுடையது. அதற்கு எண் உண்டு, பெயர் இல்லை. கோயிலில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா பேனையோடு இருந்து கேட்டால், மனிதர் தங்களிடம் இருக்கிறதில் நல்லதைத்தானே எடுத்து வைப்பார்கள்? பாட்டனின் ஊரை எடுத்து வைத்தார்கள். நான் அதை இருப்பிடம் என்ற நிரையில், மையொழுகாமல், வடிவாக எழுதினேன்.

'இப்போது எங்கே இருக்கிறீர்கள்' என்று ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நேரமில்லாமலா? இல்லை. அவர்கள் அந்தக் கரைச் சனம், இந்தியாக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர்களே ஒத்துக்கொள்ளும்போது எனக்கென்ன?

என்னை யாராவது ஊர் கேட்டால் இன்றைக்கும் யாழ்ப்பாணம் என்பேன். முப்பது வருடமாகப் பதுளைத் தண்ணீர் குடிக்கிறேன். அப்படிச் சொன்னதால் எனக்கு ஒரு கெடுதியும் வரவில்லை. என் வாக்குரிமையை ஒருவரும் பறிக்கவில்லை.

அவர்களுடையதைப் பறித்தார்கள். சுதந்திரம் வந்த வருடமே சட்டம் வந்தது. இந்த மலையை வெட்டித் தேயிலை நட்டவர்கள் இந்த நாட்டவர்கள் அல்ல என்றது. அடுத்து இன்னொரு சட்டம் வந்து, இத்தனை வருடம் விடாமல் இங்கேதான் இருந்தோம் என்று காகிதத்தில் காட்டினால் பிரஜையாக்குவோம் என்றது. காகிதம் எப்போதும் துரையின் கந்தோரில் இருந்ததே தவிர லயத்தில் இருந்ததில்லை. அது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டார்கள்.

நம்முடைய ஆட்கள் என்ன செய்தார்கள்? கந்தோர்களில் கதிரை பிடித்திருந்த யாழ்ப்பாணத்தார் 'அது தோட்டக்காரரின்ர பிரச்சினை' என்றார்கள். என் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டுதான் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. கறி பரிமாறினேன். நீ கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாய். அன்றைக்கு எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது, விருந்தைக் கெடுத்துவிட்டாய் என்று.

தோட்டம் தோட்டமாகப் போய்க் கோயில் அத்தாட்சி இருக்கிறவர்கள் எல்லாரையும் விண்ணப்பம் போடச் சொன்னாய். பிள்ளை இங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பெற்றோர் இங்கே இருந்ததற்கு அது சாட்சி என்றாய். நல்ல யோசனை. நான் எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

சில வருடம் கழித்து ஒருநாள் பகல் சூசையம்மா ஒரு கடிதத்தோடு அறைவீட்டுக்கு வந்தாள். அந்தச் சனத்தில் இப்படித் தலை நிமிர்ந்து பேசுகிற ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"சாமி, இதுல என்ன எழுதிருக்குன்னு சொல்லுங்க. கிளாக்கர் ஐயா படிச்சாரு. 'நீங்கள்லாம் முசிறியில இருக்கீங்களாம்'னு சொல்லிச் சிரிச்சாரு. நான் முசிறியில இருந்தா அவரு தோட்டத்துல தெனமும் கொழுந்து எடுத்தது யாருன்னு கேட்டேன்."

நீ வாசித்தாய். உன் முகம் மாறியது. பதிவுப் புத்தகத்தை எடுத்து, அவளுடைய மூத்தவனின் பக்கத்தைத் திறந்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ. இது உங்கட கைதானே?"

"என்ர கைதான். ஏன், எழுத்தில பிழையோ?"

"எழுத்து வடிவாயிருக்கு. அதுதான் பிழை. கந்தோர்க்காரனுக்கு ஒரு எழுத்தும் தடக்கேல்லை."

பெற்றோரின் இருப்பிடம்: முசிறி, இந்தியா. விண்ணப்பகாரர் இந்நாட்டில் வசிக்கவில்லை என்பதற்கு அவருடைய சொந்தக் கோயிலின் அத்தாட்சியே சான்று என்றும், மறுப்பதானால் விசாரணைக்கு வரவேண்டும் என்றும் கடிதம் சொல்லிற்று. நீ பக்கங்களைப் புரட்டினாய். முசிறி, துறையூர், நாமக்கல், முசிறி. என் எழுத்து இவ்வளவு தெளிவாக இருந்ததற்காக அன்றுதான் முதல்முறை வெட்கப்பட்டேன். வெட்கம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு கோபமாக மாறிவிட்டது, என் வழக்கப்படி.

பிரக்கிராசியாரிடம் யோசனை கேட்டாய். "இருப்பிடம் எண்ட நிரையை விட்டிட்டுப் புது அத்தாட்சித் துண்டு குடுங்கோ ஆண்டகை. ஆர் பாக்கப்போகினம்?" என்றார். அதற்குப் பிறகு அந்த வழக்குகளின் பக்கம் அவர் தலைகாட்டவில்லை. தோட்டத்துக் கங்காணி அவரைவிட நேர்மையானவர். "ஒரு பிளேடு இருந்தாப் போதுங்க சாமி, நானே சொரண்டிர்றேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்," என்றார்.

நீ இரண்டும் வேண்டாம் என்றாய். "பிழையைப் பிழை எண்டு எழுதுவம்." ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் 'இருப்பிடம் தவறாக எழுதப்பட்டது' என்று குறித்து, சரியான தோட்டத்தின் பெயரை எழுதி, இரண்டு சாட்சி வைத்து, கீழே எழுதியவர் ஒப்பமிடவேண்டும்.

"எத்தினை இடத்தில நான் ஒப்பம் வைக்கிறது?" என்று கேட்டேன்.

"எத்தினை இடத்தில எழுதினியளோ, அத்தினை இடத்தில."

இரண்டு நாள் உனக்குச் சோறு அனுப்பவில்லை. நீ பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டாய். மூன்றாம் நாள் நான் பேனையை எடுத்தேன். உன் வயிற்றுக்காகத்தான் எடுத்தேன், நீதிக்காக அல்ல. மலரில் இதைப் போடுவார்களா?

சூசையம்மாவின் தோட்டத்துக்கு நாம் போன நாளில் மழை. துரை வழியில் சங்கிலி போட்டிருந்தார். தோட்டத்துப் பாதை அவருடையதாம்; மேற்றிராணியார் செபம் செய்ய வருவதானால் திறப்பாராம், புத்தகத்தோடு வந்தால் திறக்கமாட்டாராம். அந்தத் தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. புதன்கிழமை அவருக்கு முன் வாங்கில் இடம் வைத்திருக்கிறார்கள்.

நீ ஹல்துமுல்லைக்கே திரும்பினாய். பெரிய வீதியோரத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் சில்லறைக் கடை. அவர் வெங்காய மூட்டைகளைத் தள்ளிவிட்டு இடம் செய்தார்.

"உள்ளுக்கு வாங்க சாமி. மழையில நனஞ்ச புத்தகத்த எந்தக் கவுண்மேந்து நம்பும்? அம்மாக்கு அந்தக் கதிரையக் குடுங்க. அது மூணு காலுதான், சுவரோட சாய்ச்சு வையுங்க."

வேலை விட்ட பிறகு அவர்கள் சங்கிலியைத் தாண்டி இறங்கி வந்தார்கள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. முதலில் வந்தவர் சூசையம்மாவின் மாமனார்.

"ஐயா, உங்கட ஊர் எது?" என்று நீ கேட்டாய்.

"முசிறிங்க சாமி."

நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சூசையம்மா தலையில் கை வைத்தாள். "மாமா, வர்ற வழியெல்லாம் என்ன சொன்னேன்?"

"ஏம்மா, சாமிகிட்ட பொய்யா சொல்லச் சொல்ற? நம்ம ஊரு முசிறிதான்."

"போனதுண்டோ?" என்றாய் நீ.

"கைப்புள்ளயா வந்தவன், அப்புறம் போனதில்லைங்க. எங்கய்யா சொல்லுவாரு. ஆறு இருக்குமாம்."

பிறகு கேட்டாய்: "நேற்று ராத்திரி எங்க படுத்தீங்க?"

"எங்க படுப்பேன்? லயத்துலதாங்க."

"போன வருசம்?"

"அங்கனதான்."

"கலியாணம் கட்டின அண்டைக்கு?"

கிழவர் வெட்கப்பட்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அதே லயத்துக் காம்பராவுலதாங்க சாமி. நடுவுல சாக்குக் கட்டித் தடுத்துக் குடுத்தாங்க."

"அக்கா, அதை எழுதுங்கோ," என்றாய்.

எழுதினேன். அன்றைக்கு இருட்டும்வரை மூன்று கால் கதிரையில் இருந்து எழுதினேன். ஒவ்வொருவரையும் அந்த மூன்று கேள்வி கேட்டாய். ஒருவரும் தோட்டத்தைவிட்டு வேறெங்கும் படுத்ததில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சட்டமும் ஒரு கந்தோரும் தேவைப்பட்டதா? என்னைப்போல ஒரு படித்த முட்டாளும்தான் தேவைப்பட்டாள்.

இதுவரை எழுதியது எனக்குப் பெருமை தருகிறதுதான். இனி எழுதப்போவதை நீயும் நானும் சூசையம்மாவும் மட்டுமே அறிவோம்.

முதல் விசாரணைக்கு என்னை வரச்சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். காரணம் சொன்னேன்: முழங்கால், வெயில், தலைச்சுற்று. உண்மைக் காரணம் வேறு. அந்தக் கந்தோர் வாங்கில் தோட்டத்துச் சனத்தோடு நெருங்கி இருந்து, பெயரைக் கூப்பிட்டால் எழும்பி, என் கணவருக்குக் கீழே முத்திரை குத்திய ஒருவரின் மகன் கேட்கிற கேள்விக்கு 'ஆம், நான் பிழையாக எழுதினேன்' என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓரக் குறிப்பில் ஒப்பம் வைத்தேன்தானே, அது போதாதா என்று நினைத்தேன்.

நீ மட்டும் போனாய். மத்தியானம் திரும்பி வந்து, சாப்பிடாமல், நடந்ததைச் சொன்னாய். இந்த ஓரக் குறிப்புகள் சட்டம் வந்த பிறகு எழுதப்பட்டவை, இவற்றை யாரும் எழுதலாம், எழுதியவர் வந்திருக்கிறாரா என்று அதிகாரி கேட்டாராம். இல்லை என்றாயாம். சுகமில்லையா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னனீ?" என்றேன்.

"சுகமாத்தான் இருக்கிறா, வர விருப்பமில்லை எண்டு சொன்னன்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எனக்காக ஒரு காய்ச்சலைச் சொல்லியிருந்தால் ஒரு தவணையாவது கிடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. அதற்காக ஒரு வருடம் உன்னை நான் மன்னிக்கவில்லை. உன் உண்மைக்கும் என் மேட்டிமைக்கும் நடுவில் சூசையம்மாவின் குடும்பம் நசிந்தது. கல்லில் வெட்ட இது உதவாது.

அதற்குப் பிறகு உன் வாழ்க்கை கந்தோர் படிகளிலேயே போயிற்று. பூனாகலைக்கும் வெலிமடைக்கும் பஸ்ஸில் அலைந்தாய். ஓர் அதிகாரி கதிரை தந்தால் இருந்தாய், தராவிட்டால் நின்றாய். இரண்டையும் நீ கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஓர் ஆண்டகைக்குக் கதிரை கேட்கத் தெரிய வேண்டாமா? சிலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ரயிலேற்ற ஸ்டேசனுக்குப் போவாய். வந்து தேத்தண்ணீருக்கு வழமையைவிடச் சீனி கூடப் போட்டுக்கொள்வாய். புதன்கிழமை பேசுகிறவர்கள் உன்னை 'வெற்றிவீரர்' என்பார்களாம். நிகழ்ச்சித் தாளில் கண்டேன். தோற்றவன் என்று சொல்ல அவர்களுக்குத் தைரியமில்லை. யாரிடம் தோற்றாய் என்று அடுத்த கேள்வி வரும்.

சூசையம்மாவின் வழக்கை நீ விடவில்லை. கொழும்பில் ஓர் இளம் வழக்கறிஞரைப் பிடித்து மேல்முறையீடு செய்தாய். நீ படுக்கையில் கிடந்தபோது தீர்ப்பு வந்தது: பதிவை எழுதியவரை விசாரிக்காமல் முடிவு செய்தது தவறு, மறுபடியும் விசாரிக்கவும். அதனால்தான் இந்தப் புதன்கிழமை. எல்லாம் இப்போது அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

புத்தகத்தைக் கேட்டுப் புதுப் பங்குச் சுவாமியிடம் போனேன். நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைகள் பயந்தவர்கள். "விழா முடியட்டும் அம்மா. சபைத் தலைவர் அதை இப்போதைக்கு வெளியில் எடுக்கவேண்டாம் என்கிறார்," என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அவர் நோயாளி பார்க்கப் போன நேரம் அலுமாரியைத் திறந்து எடுத்து வந்துவிட்டேன். அலுமாரித் திறப்பு எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாளாக என் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. சுவாமி இதை வாசிப்பார். புதன் பின்னேரம் திருப்பித் தருகிறேன். பாவசங்கீர்த்தனம் வியாழக்கிழமை செய்துகொள்கிறேன். அதற்கு முன் மனஸ்தாபப்பட எனக்கு வசதியில்லை.

நேற்று சூசையம்மா வந்தாள். கதிரையில் இரு என்றேன். பரவாயில்லைங்கம்மா என்றாள். அதட்டிய பிறகு விளிம்பில் இருந்தாள். அவளுடைய புருசன் அருளப்பன் அலுத்துப் போய்விட்டானாம். இந்த முறையும் இல்லையென்றால் இந்தியாவுக்குப் போகப் பேரைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிடலாம் என்கிறானாம். பார்க்காத ஊருக்கு, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

"புதன்கெழம நீங்க கல்லு தொறக்கப் போறீங்களாம்ல," என்றாள். "போங்கம்மா. சாமிக்குச் செய்ய வேண்டியது. நாங்க பாத்துக்கிறோம்."

"என்னத்தைப் பாப்பாய்? எழுதினது ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"அவங்க பெரியவங்க, வரமாட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். போன தடவையும் அதானேம்மா."

குத்திச் சொல்லவில்லை. பின்னேரம் மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னாள். என் எழுபது வயதில் யாரும் என்னை இப்படி அறைந்ததில்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டும். நீ செபம் சொல்லிக்கொண்டே உயிர்விட்டாய் என்று மலரில் அச்சாகிறதாம். அந்த அறையில் இருந்தவள் நான். நீ செபம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, "சூசையம்மாவின்ர திகதி வந்ததோ?" என்று கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். "வந்தால் போங்கோ அக்கா," என்றாய். அத்தனை வருடத்தில் இரண்டாவது முறையாக என்னைக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. உதட்டை நனைக்கத் தண்ணீர் கொடுத்தேன். நீ இரண்டு மிடறு குடித்தாய். அவ்வளவுதான்.

ஆகவே கேள், தம்பி. புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவர்கள் வருகிறார்கள். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். கந்தோரில் அவர்களோடு அதே வாங்கில் இருப்பேன். எழுதியவர் யார் என்று அதிகாரி கேட்டு முடிக்குமுன் எழும்புவேன். நம்பாவிட்டால், அவருடைய காகிதத்தில், அவருடைய பேனையால் முசிறி என்ற அந்தச் சொல்லை எழுதிக் காட்டுவேன். ஏன் பிழையாக எழுதினாய் என்றால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதை என் தகுதிக்குக் குறைவாக நினைத்தேன் என்பேன். போன தடவை ஏன் வரவில்லை என்றால், அதற்கும் அதே காரணம்தான் என்பேன். அவர் குறித்துக்கொள்ளட்டும். இந்த முறையும் மறுத்தால் மேலே போவோம், அங்கேயும் வருவேன். மற்றப் பெயர்களும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. கூப்பிடுகிற ஒவ்வொரு நாளும் வருவேன்.

திரையை இழுக்கச் சபையார் வேறு ஆளைப் பிடிக்கட்டும். முன் வாங்கில் கனபேர் கை சும்மாதான் இருக்கும்.

நான் போறன், தம்பி.

உன் கூடப்பிறந்த அக்கா,
அன்னம்மா